வசனத்துக்கு மேலேயும் கீழேயும்

2010 டிசம்பர் 31 ராத்திரி. திருப்பூரில் எங்கள் சபையில் வருடப்பிறப்பு ஆராதனை. பன்னிரண்டு மணி அடித்து, எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகு வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சடித்த அட்டைகளை, தட்டில் கவிழ்த்துவைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எனக்கு வந்தது அருவிப் படம் போட்ட அட்டை. எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

எதிர்பார்த்திருந்த முடிவு என்று எனக்கு அப்போது ஒன்று தெளிவாகவே இருந்தது. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வருஷம் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கையில் கொஞ்சம் சேரும். உடன்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பிப் போய், அப்பா வீட்டை ஒட்டிய மனையில் இரண்டு ரூம் கட்டிவிடலாம். திருப்பூரில் நாங்கள் இருந்த லைன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட எனக்கு மனசு வராது. விட்டுப்போகப் போகிற இடத்தில் எதற்குச் செலவு? காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தேன். அட்டையைப் படித்ததும், ஆண்டவரே நம் கணக்கைப் பார்த்து கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி முடிவதற்குள் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கிற வழக்கு பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது எங்களுக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பட்டறையும் ஒரே அடியாக நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. எழுநூறுக்கும் மேல் பட்டறைகள். துணிக்குச் சாயம் ஏறவில்லை என்றால் கட்டிங்குக்கு வேலையில்லை, கட்டிங் இல்லையென்றால் ஓவர்லாக் டைலர் சும்மா, அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாகப் படுத்துவிடும். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கூட்டத்தில் நெரியும் கடைவீதி, பிப்ரவரி கடைசியில் காற்றுவாங்கியது. எங்கள் லைனில் இருந்த எட்டு வீட்டில் மூன்று வீடு பூட்டு. தெற்கத்திக்காரர்கள் பாதிப்பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

சபையில் உபவாசக் கூட்டங்கள் நடந்தன. ஒரு கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், ஈஸ்டர் பண்டிகைக்குள் எல்லாப் பட்டறைகளும் திறக்கும், ஆண்டவர் தனக்குக் காட்டினார் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். என் பைபிளுக்குள் அருவி அட்டை வேறு இருக்கிறதே. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 24. பட்டறைகள் திறக்கவில்லை.

கோபம் ஆண்டவர்மேல் என்று வெளியே சொல்லவில்லை. அந்த அட்டைமேல் என்று வைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை. அந்த வருஷம் திருப்பூரில் மின்வெட்டு இல்லாத நாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புழுக்கத்தில் தூக்கம் வராமல், அட்டையில் போட்டிருந்த வசனத்தை பைபிளில் எடுத்து, அதற்கு மேலே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று 29-ம் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். முப்பத்தெட்டு வயதில், பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறவள், ஓய்வுநாள் பள்ளி பரீட்சையில் பரிசு வாங்கியவள், அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உண்மை.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, ஊரைவிட்டுப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். "எப்போது ஊருக்குத் திரும்புவோம்" என்று பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தவர்களுக்கு வந்த கடிதம். அதில் முதல் கட்டளை ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று அடுத்த வசனம். ஏழாம் வசனத்தில், எந்தப் பட்டணத்துக்குச் சிறைப்பட்டுப் போனீர்களோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." பத்தாம் வசனத்தில்தான் அடி. எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புதல். என் அட்டை வசனம் அதற்கு அடுத்தது.

எழுபது வருஷம் என்றால், கடிதத்தைக் கேட்டவர்களில் என் வயசுக்காரி ஒருத்தியும் ஊர் திரும்பியிருக்க மாட்டாள். அவளுக்குத்தான் அந்த "எதிர்பார்த்திருக்கும் முடிவு" வசனம் முதலில் போயிருக்கிறது.

சரி, முந்தின அதிகாரத்தையும் பார்ப்போம் என்று 28-க்குப் போனால் அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எல்லார் முன்னாலும் எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். அவன் பேசியதற்கு ஜனங்கள் நிச்சயம் கைதட்டியிருப்பார்கள். எனக்கு ஈஸ்டர் கணக்குச் சொன்ன பிரசங்கியாரைவிட, கைதட்டின என் கைதான் அப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் என்பது என் கணக்கும்கூட.

இன்னொன்றும் கவனித்தேன். நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் முழுமையாக வந்தது. அதில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இருப்பதால், நாம் மனசில் போட்டுவைத்த முடிவையே ஆண்டவர் கொடுப்பார் என்று காதில் விழுகிறது. பக்கத்து வீட்டு ஆர்.சி. (கத்தோலிக்க) அக்காவிடம் 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பு இருந்தது. வாங்கிப் பார்த்தேன். அதில் எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் பற்றிய பேச்சாக இருக்கிறது. என் கணக்கு நிறைவேறும் என்பது வேறு, எனக்கு ஒரு எதிர்காலம் உண்டு என்பது வேறு. அன்றிலிருந்து ஒரு வசனம் எனக்கு ரொம்ப வசதியாகப் படும்போதெல்லாம் இரண்டாவது மொழிபெயர்ப்பையும் எடுத்துப் பார்த்துவிடுவேன். பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிடவில்லை. மனப்பாடமெல்லாம் அதில்தான், ஜெபம் பண்ண வாய் திறந்தால் அந்தத் தமிழ்தான் வரும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் கடையில் ஒரு ரூபாய்க்கு ஆணி வாங்கிவந்து காலண்டரைச் சுவரில் மாட்டினார். எங்கள் வீட்டில் எரேமியா 29 நடைமுறைக்கு வந்தது இப்படித்தான்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஊரில் பாட்டியிடம் விட்டிருந்த மகளை ஜூன் மாதம் கூட்டிவந்து திருப்பூர்ப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். வாசலில் பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலையும் பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பும் நட்டேன். வெளியூர்ச் சாயத்துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியிலிருந்து பீஸுக்கு 40 பைசா என்று பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கினேன். ரேஷன் கார்டை ஊரிலிருந்து மாற்றினோம். கார்டை மாற்றுவது ஆவிக்குரிய விஷயமா என்று என் தம்பி கேலி பண்ணினான். எனக்கு அந்த வருஷத்தில் செய்த விசுவாசச் செயல்களில் அதுதான் பெரிது. ஏனென்றால் அந்த ரேஷன் கார்டில் ஊர்ப் பெயர் இருக்கும்வரை நான் பெட்டி கட்டிவைத்தவள்தான்.

ஏழாம் வசனம்தான் கடினமாக இருந்தது. "பட்டணத்தின் சமாதானம்" என்றால், பட்டறை திறக்க வேண்டும் என்று ஜெபிப்பது என்றே எடுத்துக்கொண்டேன். பட்டணம் என்றால் எங்களுக்குப் பனியன் கம்பெனிதானே. வீட்டு ஓனர் ஆத்தா ஒருநாள் வாடகை வாங்க வந்தவர், நான் பிசிறு வெட்டுவதைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்தார். மூன்று மாத வாடகை பாதி பாதியாகத்தான் கொடுத்திருந்தோம், அவர் ஒன்றும் கேட்டதில்லை. "பட்டறை தெறக்கோணும்னு உங்க கோயில்ல பூசை பண்றீங்களாமா கண்ணு?" என்றார். ஆமாம் ஆத்தா என்றேன். அவர் பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். பாசனத்துக்கு என்று கட்டிய அணை. அதில் சாயத்தண்ணீர் வந்து தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலைமை. "எங்கண்ணன் தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். தென்னை குருத்து கருகிப் போச்சு. கேசு போட்டவங்களும் நாங்கதான் கண்ணு, வாடகைக்கு வுட்டவங்களும் நாங்கதான்." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போனார்.

அந்த ராத்திரி ஜெபம் பண்ணும்போது எனக்கு வாய் வரவில்லை. பட்டணத்தின் சமாதானம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுச் சம்பளத்தை. பட்டணத்துக்குள் ஆத்தாவின் அண்ணனும் இருக்கிறார், மாடு இருக்கிறது, ஆறு இருக்கிறது. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், பட்டறைகள் தண்ணீரைச் சுத்தம் பண்ணத் தயாராகித் திறக்க வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். ஒரு அக்கா ஜெபம் முடிந்ததும், "நீ யார் பக்கம்மா?" என்றே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. வயிறு ஒரு பக்கம் இருந்தது.

பட்டறைகள் பிறகு ஒரேயடியாகத் திறக்கவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குத் தயாரான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சோதனை ஓட்டம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதி வந்தது. சின்னப் பட்டறைகள் பல திறக்கவே இல்லை, வீட்டுக்காரர் வேலை பார்த்ததும் அதில் ஒன்று. அவருக்கு அப்புறம் கிடைத்தது சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. துணியில் சாயம் ஏற்றியவர் இப்போது தண்ணீரிலிருந்து சாயத்தையும் உப்பையும் பிரிக்கிறார். இதை ஆண்டவர் போட்ட திட்டம் என்று நான் சாட்சி சொன்னதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு நான் வசனத்தைப் படிக்கும் விதம் மாறியது. பெரிய வேதசாஸ்திரம் ஒன்றுமில்லை. ஒரு வசனம் மனசில் பட்டால் அந்த அதிகாரத்தை முழுதாகப் படிப்பேன். முடிந்தால் முந்தின அதிகாரத்தையும். யார் யாரிடம் சொன்னது, அப்போது அவர்கள் என்ன நிலைமையில் இருந்தார்கள் என்று பார்ப்பேன். அப்புறம், அந்தப் பகுதியில் என்னைச் செய்யச் சொல்லுகிற வேலை என்ன இருக்கிறது என்று தேடுவேன். எரேமியா 29-ல் "அறிவேன்" என்பது அவருடைய வேலை; கட்டுங்கள், நாட்டுங்கள், தேடுங்கள் என்பது நம்முடையது. அட்டையில் அச்சடிக்கிறவர்கள் அவருடைய வேலையை மட்டும்தான் அச்சடிக்கிறார்கள். நம் வேலையை அருவிப் படத்துக்குக் கீழே போட்டால் யார் எடுப்பார்கள்?

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சகலமும் நன்மைக்கு ஏதுவாகத்தான் நடக்கும்மா" என்றேன். ரோமர் 8:28. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்து ரோமர் 8-ஐ எடுத்தேன். 28-க்கு இரண்டு வசனம் மேலே என்ன இருக்கிறது தெரியுமா? என்ன ஜெபிப்பது என்றே நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. அதற்கும் மேலே, சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. பிரசவ வேதனை! அந்த அறையில் நான் சொன்ன வசனத்துக்கு ஆறே வசனம் மேலே அந்த வார்த்தை இருந்திருக்கிறது. ரோமருக்கு இதை எழுதிய பவுல் பெருமூச்சையும் வேதனையையும் கடந்துதான் நன்மைக்கு வருகிறார். நான் குறுக்கு வழியில் நேராக நன்மைக்குப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களை நாம் எல்லாரும் குறை சொல்லுகிறோம். ஆனால் அவர்கள் வந்ததும் ஏழுநாள் இரவுபகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நான் ஏழு நிமிஷம்கூட உட்காரவில்லை. ஒரு வாரம் கழித்து ரசம் வைத்து எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வசனம் சொல்லவில்லை. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் ரசத்தை வாங்கிக்கொண்டாள். துக்க வீட்டுக்குப் போகும்போது இப்போதெல்லாம் பைபிளைக் கைப்பையில்தான் வைத்திருப்பேன், அவர்களாகக் கேட்டால் ஒழிய வெளியே எடுக்க மாட்டேன். எனக்கு ஆறுதலான வசனத்தை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவர் வாயில் ஊட்டுவதற்கு அது மருந்து டானிக் இல்லை.

2016 வாக்கில் பிசிறு வெட்டும் வேலை வளர்ந்து, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தோம். ஆறு பெண்கள், ஒரு அயர்ன் மாஸ்டர். முதலாளி ஆனதும் பைபிளில் இதுவரை கண்ணில் படாத வசனங்களெல்லாம் கண்ணில் பட ஆரம்பிக்கும். அதுவரை யாக்கோபு 5-ல் கூலிக்காரரின் கூக்குரல் பற்றிப் படித்தால் எனக்கு ஆமென் தானாக வரும், ஏனென்றால் நான் கூலிக்காரி. இப்போது அதே அதிகாரம் என் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. எங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிற கம்பெனி, பில் பாஸ் ஆகவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரம். எங்கள் பெண்களுக்கு நான் கொடுக்க வேண்டியது பதினொன்றாயிரம் சொச்சம். நியாயமாகப் பார்த்தால் எனக்கு வராதபோது நான் எங்கிருந்து கொடுப்பது? அப்படித்தான் சொல்லலாம் என்று போனேன். திருப்பூரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பெண்களும் முகம் சுண்டிக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வரிசையாக லேவியராகமம் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம்: "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." மேலே கீழே படித்துப் பார்த்தேன், எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று. மேலே, திருடாதே, பொய் சொல்லாதே. கீழே, செவிடனைச் சபியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே. நடுவில் கூலி. பில் பாஸ் ஆகும்வரை என்ற வார்த்தை எங்கும் இல்லை.

கழுத்துச் செயினை அடகுக் கடைக்குக் கொண்டுபோய் வைத்து, ராத்திரி எட்டரைக்கு சம்பளம் கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கோபப்பட்டார், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கம்பெனியிலிருந்து பணம் வர ஐந்து வாரம் ஆனது, வட்டி நான்தான் கட்டினேன். எந்த அதிசயமும் நடக்கவில்லை. சாட்சிக் கூட்டங்களில் இப்படிச் செய்தவர்களுக்கு அடுத்த வாரமே இரட்டிப்பாகத் திரும்ப வந்ததாகக் கேட்டிருக்கிறேன். எனக்கு வரவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு வேலை செய்தேன்: ஒவ்வொரு பில்லிலிருந்தும் கொஞ்சம் எடுத்து இரண்டு வாரச் சம்பளத்தைத் தனியாகத் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டு வைக்க ஆரம்பித்தேன். அது சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. வசனத்துக்குக் கீழ்ப்படிவது என்றால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி செயினைக் கழற்றுவது என்று நினைத்திருந்தேன். அது அவசரத்துக்கு. ஒழுங்காகக் கீழ்ப்படிவது அந்தத் தபால் ஆபீஸ் கணக்குதான். நீங்களும் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவராக இருந்தால் முதல் பில்லிலிருந்தே இதை ஆரம்பித்துவிடுங்கள், செயின் தப்பிக்கும்.

மகள் விஷயம் ஒன்று சுருக்கமாக. பிளஸ் டூ பரீட்சைக்குப் போகும்போது ஜியோமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதி ஒட்டியிருந்தாள். பிலிப்பியர் 4:13. எதிர்பார்த்த மார்க் வரவில்லை. ஸ்டிக்கரைப் பிய்க்க உட்கார்ந்தவளிடம் பன்னிரண்டாம் வசனத்தைப் படிக்கச் சொன்னேன். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." இதைப் பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டு. "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் இருக்கிறது. அவள் படித்துவிட்டு, "அப்போ இது பரீட்சைக்குப் போறதுக்கான வசனம் இல்லையா, ரிசல்ட் வந்த பிறகுக்கான வசனமா?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் கேட்டது நன்றாக இருந்தது. ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

இவ்வளவும் சொன்ன நான் இன்னும் செய்து முடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது.

அப்பா இறந்தபோது, அந்த மனை விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு முற்றிவிட்டது. இரண்டு ரூம் கட்டலாம் என்று நான் கனவு கண்ட அதே மனை. எனக்கு வாயால் சொன்னதை அப்பா எழுதிவைக்கவில்லை. அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நான் சித்தி வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் அவரைக் கேட்டுவிட்டேன். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

இதற்கு நான் பிடித்துவைத்திருந்த வசனம் மத்தேயு 18:15. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." அதில் குற்றம் செய்தவன் அவன். எனக்கு வசதி. "தனித்திருக்கையில்" என்ற வார்த்தையைத்தான் சித்தி வீட்டில் தாண்டிவிட்டேன், மற்றபடி வசனம் என் பக்கம் என்று இருந்தேன். போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாட்களில், அதே மத்தேயுவில் மலைப்பிரசங்கம் படிக்கும்போது ஐந்தாம் அதிகாரத்தில் காணிக்கை பற்றிய இடம் வந்தது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்து, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்", காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று என் காது இத்தனை நாளும் மாற்றிக் கேட்டிருக்கிறது. அவனுக்கு என்பேரில் குறை இருந்தால் என்றுதான் எழுதியிருக்கிறது. அண்ணனுக்கு என்பேரில் குறை இருக்கிறது. நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவள் நான்.

இரண்டு பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டில் தப்பு அவனுடையது, நான் போக வேண்டும். ஐந்தில் குறை அவனுடையது, அப்போதும் நான்தான் போக வேண்டும். யார் முதலில் போவது என்று நானும் அண்ணனும் மூன்று வருஷமாக நடத்துகிற போட்டிக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை. இது தெரிந்த பிறகும் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் கவர் போட்டுக்கொண்டுதான் வருகிறேன், ஆறு மாதமாக. மனையை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று வசனம் சொல்லவில்லை. அது பேசித் தீர்க்க வேண்டியது, வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தால் பார்க்கவும் வேண்டியது. சித்தி வீட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதற்கு வக்கீல் தேவையில்லை.

நேற்று வீட்டுக்காரர், ஊர்ச் சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வருகிறதே, மூன்று பேருக்கும் திருச்செந்தூர் பஸ்ஸில் டிக்கெட் போடவா என்று கேட்டார். வேண்டாம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் ஒன்று போடுங்கள் என்றேன்.